லோக்கல் அப்பாச்சியில் யூஆர்எல் ரீரைட் ஓடவில்லையா? தமிழ் முகவரிக்கும் சேர்த்து ஒரு சரிபார்ப்பு

பெங்களூரு பேருந்து நிறுத்தங்களுக்கு ஒரு தமிழ்த் தளம் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். லேப்டாப்பில் உபுண்டு, அப்பாச்சி 2.4. ‘/நிறுத்தம்/கோரமங்களா’ என்று அடித்தால் இண்டெக்ஸ் பிஎச்பி ஓட வேண்டும். வருவதோ 404. உடனே ரீரைட் ரூலை, அதாவது கேட்ட முகவரியை உள்ளே வேறொன்றாக மாற்றும் வரியை, திருத்தாதீர்கள். முதலில் அந்த ரூலை அப்பாச்சி படிக்கிறதா என்று பாருங்கள். (இங்கே தமிழில் எழுதியிருக்கும் கட்டளைகளை ஃபைலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.)

ரூல்களை எழுதிவைக்கும், தள ஃபோல்டரில் உள்ள எச்டிஅக்சஸ் (.htaccess) ஃபைலின் முதல் வரியில் ‘அஆஇ’ என்று எதையாவது அடித்துச் சேமித்து, பக்கத்தைத் திறங்கள். 500 வந்தால் ஃபைல் படிக்கப்படுகிறது. அந்த வரியை அழித்துவிட்டு அடுத்த படிக்குப் போகலாம். அதே 404 வந்தால் படிக்கவே இல்லை. அப்பாச்சி 2.4-இல் இந்த ஃபைலுக்கு அனுமதி தரும் ‘அலவ்ஓவர்ரைடு’ சொல்லாமலே ‘நன்’ என்றுதான் இருக்கும். அப்பாச்சி2 கான்ஃப் ஃபைலில் ‘/வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/’ டைரக்டரி பிளாக்கில் அதை ‘ஆல்’ ஆக்கி, சர்வரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸில் நோட்பேட் பெயரின் பின்னால் ‘.டிஎக்ஸ்டி’ ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். என்ஜின்எக்ஸ் என்ற வேறு வெப் சர்வர் இந்த ஃபைலை எப்போதும் படிக்காது. பிஎச்பியோடு வரும் சின்ன சர்வரும் அப்படியே.

எரர் லாகில் ‘ரீரைட்எஞ்சின்’ தெரியாத கட்டளை என்று இருந்தால் மாட்யூல் ஏறவில்லை: ‘சூடோ ஏ2என்மாட் ரீரைட்’, பிறகு ரீஸ்டார்ட். அந்தப் பெயருக்கு முன்னால் விசித்திரக் குறிகள் தெரிந்தால், ஃபைல் பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் ஒட்டும், எடிட்டரில் தெரியாத குறி) உடன் சேமிக்கப்பட்டிருக்கிறது. பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8 ஆக மாற்றிச் சேமியுங்கள்.

இனி ரூல். விர்ச்சுவல் ஹோஸ்ட்டில் (அப்பாச்சியின் கான்ஃப் ஃபைலில் ஒரு தளத்துக்கான பிளாக்) ஓடிய ரூலை எச்டிஅக்சஸுக்குக் கொண்டுவந்தால் முதல் சாய்கோட்டை எடுத்துவிட வேண்டும். அந்த ஃபோல்டரின் பாதையையும் அதன் சாய்கோட்டையும் அப்பாச்சி வெட்டிவிட்டுத்தான் ஒப்பிடுகிறது. ^/நிறுத்தம்/ பொருந்தாது, ^நிறுத்தம்/ பொருந்தும்.

‘10 இன்டர்னல் ரீடைரக்ட்’ தாண்டியது என்று லாக் சொன்னால் ரூல் தன்னையே சுற்றுகிறது. எச்டிஅக்சஸில் ரூலின் கடைசியில் சதுர அடைப்புக்குள் போடும் ‘எல்’ கொடி அந்தச் சுற்றை மட்டும் முடிக்கும். மாற்றிய முகவரியோடு ரூல்கள் மறுபடி ஓடும். ‘எண்ட்’ கொடி முழுதாக நிறுத்தும். நிபந்தனை சொல்லும் ‘ரீரைட்காண்ட்’ வரிகள் அடுத்து வரும் ஒரே ஒரு ரூலுக்குத்தான் செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ரூல் என்றால், சோதனை முடியும்வரை 301 (நிரந்தரம்) வேண்டாம், 302 (தற்காலிகம்) போதும். பிரவுசர் 301-ஐ நினைவில் வைத்துக்கொள்வதால், சரியான ரூலும் தவறாகத் தெரியும். உள்ளே நடப்பதைப் பார்க்க விர்ச்சுவல் ஹோஸ்ட்டில் ‘லாக்லெவல் அலர்ட் ரீரைட்:ட்ரேஸ்3’ போடுங்கள். எந்த பேட்டர்ன் எந்தச் சொல்லோடு ஒப்பிடப்பட்டது என்பது வரிவரியாக எரர் லாகில் விழும். இதைவிட நல்ல கருவி இல்லை.

தமிழ் முகவரியில் கவனம் கூடுதலாக வேண்டும். தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாக பிரவுசர் அனுப்பும் விழுக்காட்டுக் குறிகளை (% போட்ட எண்களை) அவிழ்த்த பிறகே ரூல் ஒப்பிடப்படுகிறது. அதனால் பேட்டர்னில் தமிழை நேராகவே எழுதலாம். ஆனால் ஒப்பீடு பைட் கணக்கில் நடக்கும். ‘க’ ஒன்றே மூன்று பைட். பேட்டர்னில் ஒரு புள்ளி ஓர் எழுத்துக்கு ஈடாகாது, [அ-ஔ] என்ற வரம்பும் நினைத்தபடி ஓடாது. பெயர் பிடிக்க ([^/]+) போதும்.

‘எலக்ட்ரானிக் சிட்டி’ போல இடைவெளி உள்ள பெயரை கேள்விக்குறிக்குப் பின்னால் அனுப்பினால் புதிய 2.4 பதிப்புகள் 403 தரும். ரூலின் கொடிகளில் ‘பி’ (P அல்ல, B) சேர்த்தால் தீரும்.

கண்ணுக்குத் தெரியாத கோளாறு ‘கோ’வில் இருக்கிறது. ‘ோ’ ஒரே குறியீடாகவும் வரலாம், ‘ே’யும் ‘ா’வும் என இரண்டாகவும் வரலாம். திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் பைட் வேறு. எனவே ‘கோரமங்களா’வை ரூலுக்குள் எழுதாமல், பிடித்த பெயரை பிஎச்பியின் ‘நார்மலைசர்’ மூலம் என்எஃப்சி வடிவாக்கி (இரண்டாக வந்த குறிகளை ஒன்றாக்கும் சீர் வடிவம்), அதே வடிவில் சேமித்த டேட்டாபேஸில் தேடுங்கள்.