மழைக்கறை விழுந்த சீலிங்குக்குப் பெயின்ட் அடிக்கும் முன்

மொட்டைமாடியிலிருந்து நீர் இறங்கி சீலிங்கில் பழுப்பு வட்டம் விழுந்திருந்தால், அதன்மேல் நேராக எமல்ஷன் அடிக்காதீர்கள். எமல்ஷனில் உள்ள தண்ணீரே கறையைக் கரைத்து மேலே இழுத்துவரும். மூன்று கோட் அடித்தாலும் அதே வட்டம் எட்டிப்பார்க்கும். முதலில் மாடி விரிசலை அடைத்துவிடுங்கள். அப்புறம் கறைமேல் ஓரடிப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, 24 மணி நேரம் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. தயவுசெய்து காத்திருங்கள், இங்கே அவசரப்பட்டால் மொத்தச் செலவும் வீண். காய்ந்ததும் உப்புப் பூத்ததைச் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, கறையைத் தாண்டி அரையடி வரை சுவருக்கான ஆயில் பிரைமர் அடியுங்கள். அது நன்றாகக் காய்ந்தபின் சீலிங் முழுவதும் எமல்ஷன் இரண்டு கோட். கம்பி துருவேறி காரை பிளந்திருந்தால் மட்டும் பெயின்ட் வேண்டாம், கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.