பழைய கணினியில் பெரிய ஹார்டு டிஸ்க்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கணினியில் பெரிய ஹார்டு டிஸ்க் போடப் புதிதாக இறங்குகிறவர்கள், ஒரு காலத்தில் நாங்கள் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கேபிளை அழுத்திச் சொருகுங்கள், மின்சாரத்தை அணைத்துவிட்டுத் திறங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தரவைப் பறிகொடுக்கும் இடங்கள் வேறு.

அளவு சரியாகத் தெரிகிறதே என்று நம்புவது

இதைத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

தெரிந்தவர் ஒருவர் தன் பழைய ஐடிஈ (அகலப் பட்டைக் கேபிளில் டிஸ்க்கை இணைக்கும் பழைய முறை) கணினியில் இரண்டாவது டிஸ்க்காக 250 ஜிபி மாட்டியிருந்தார். அதை வேறொரு கணினியில் ஒரே பார்ட்டிஷனாக, அதாவது பிரிக்காமல் ஒரே பகுதியாக, ஃபார்மேட் செய்து கொண்டுவந்திருந்தார். கணினியில் இருந்தது சர்வீஸ் பேக் (மைக்ரோசாஃப்டின் திருத்தத் தொகுப்பு) எதுவும் இல்லாத முதல் விண்டோஸ் எக்ஸ்பி. திறந்து பார்த்தால் 232 ஜிபி என்று காட்டியது. விண்டோஸ் கணக்கில் அது சரிதான். குடும்பப் படங்களை எல்லாம் காப்பி செய்தார், பழைய டிஸ்க்கை அழித்து யாருக்கோ கொடுத்துவிட்டார். வாரக்கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் பெரிய வீடியோக்களை ஏற்றும்போது கணினி உறைந்து நின்றது. மறுபடி போட்டால், டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது. டிஸ்க் கெட்டுவிட்டது என்றே அவர் நினைத்தார். டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை.

டிஸ்க் செக்டார் என்ற சின்னச் சின்ன அறைகளாகப் பிரிந்திருக்கும். பழைய ஐடிஈ முறையில் செக்டாரின் முகவரிக்கு 28 பிட்தான். அதாவது 26,84,35,456 செக்டார்கள், ஒவ்வொன்றும் 512 பைட், மொத்தம் சுமார் 137 ஜிபி. அதைத் தாண்டி எழுதச் சொன்னால் 'இடமில்லை' என்று பதில் வராது. வண்டியின் மீட்டர் 99999 தாண்டி 00000-க்குத் திரும்புகிற மாதிரி, முகவரி சுழன்று டிஸ்க்கின் தொடக்கத்துக்கே போய்விடும். அங்கேதான் பார்ட்டிஷன் அட்டவணையும், சற்றுத் தள்ளிக் கோப்புகளின் பட்டியலும் இருக்கின்றன. புது வீடியோவின் ஒரு துண்டு அவற்றின் மேலேயே எழுதப்பட்டுவிடும். பின்னே அளவு மட்டும் எப்படிச் சரியாகத் தெரிந்தது? பார்ட்டிஷனில் எழுதியிருப்பதை விண்டோஸ் அப்படியே படித்துக் காட்டியது. டிஸ்க்கின் கடைசி முனைவரை எட்ட முடியுமா என்று அது சோதிக்கவே இல்லை.

இதற்குத் தீர்வான 48 பிட் முகவரி, ஐடிஈ டிஸ்க்குகளுக்கான ஏடிஏ-6 தரத்தோடு வந்தது. எக்ஸ்பிக்குக் குறைந்தது சர்வீஸ் பேக் 1 வேண்டும். விண்டோஸ் 2000 என்றால் சர்வீஸ் பேக் 3 போட்ட பிறகும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புப் பதிவேடு) அதைத் தனியாக இயக்க வேண்டும். கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸும் ஒத்துழைக்க வேண்டும்.

இது பழங்கதை என்று விட்டுவிடாதீர்கள். 32 பிட் முகவரியோடு நிற்கும் பழைய டிரைவர்களிலும் (டிஸ்க்கை இயக்கும் மென்பொருள்), டிஸ்க்கை வெளியிலிருந்து இணைக்கும் யூஎஸ்பி பெட்டிகளிலும் 2.2 டிபியில் இதே சிக்கல் காத்திருக்கிறது. 3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று காட்டினால் நல்லது. குறை கண்ணுக்குத் தெரிகிறது. முழு அளவையும் காட்டிவிட்டு உள்ளே முகவரி சுழல்வதுதான் குடியைக் கெடுக்கும்.

அதனால் பழைய பிரதியைத் தொடாமல் வைத்துக்கொண்டு, புது டிஸ்க்கை விளிம்புவரை நிரப்பித் திரும்பப் படித்துப் பாருங்கள். அதற்கு விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸில் எஃப்3 (F3) என்ற சோதனை நிரல்கள் போதும். டிஸ்க் முழுக்க ஒரே எண்ணை எழுதிப் படிக்கும் சோதனை மட்டும் இதற்கு உதவாது. சுழன்று போய் எழுதினாலும் அங்கேயும் அதே எண்தானே இருக்கும்? 'எல்லாம் சரி' என்று சொல்லிவிடும். பெரிய டிஸ்க்கை நிரப்ப ஒரு நாளுக்கு மேலேகூட ஆகலாம். ஆகட்டும்.

ஜம்பரைப் பார்க்காமல் விடுவது

90களின் சில பயாஸ்கள் 32 ஜிபிக்கு மேல் கண்டாலே உறைந்துவிடும். அதற்காகவே சில டிஸ்க்குகளில் அளவைக் குறைத்துக் காட்டும் ஜம்பர் (இரண்டு ஊசிகளை இணைக்கும் சின்ன மூடி) உண்டு. கைமாறி வந்த டிஸ்க் 32 ஜிபி மட்டும் காட்டினால் முதலில் அதைப் பாருங்கள்.

3 டிபியில் எம்பிஆர்

எம்பிஆர் என்பது பழைய பார்ட்டிஷன் அட்டவணை முறை. 512 பைட் செக்டாரோடு அது 2.2 டிபிக்கு மேல் எட்டாது. அதற்குப் பின் வந்த ஜிபிடி முறையைப் போடுங்கள்.

ஆனால் 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி படிக்கத் தெரியாது. விஸ்டாவும் அதற்குப் பிந்தையவையும் படிக்கும்; ஆனால் யூஈஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புது மென்பொருள்) இல்லாத கணினியில் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் பூட் ஆகாது. விண்டோஸைச் சின்ன டிஸ்க்கில் விட்டுவிட்டு, பெரியதைத் தரவுக்கு மட்டும் வையுங்கள்.

யூஎஸ்பி பெட்டியில் நிரப்பிவிட்டு உள்ளே மாட்டுவது

சில பெட்டிகள் செக்டாரை 4096 பைட்டாகக் காட்டும். வெளியே எடுத்து நேரடியாக மாட்டினால் 512. அப்போது பார்ட்டிஷன் காணாமல் போனது போல இருக்கும். பதறி ஃபார்மேட் அழுத்தாதீர்கள். பெட்டியில் திரும்பப் போட்டால் எல்லாம் இருக்கும்.

சுழலவில்லை, எனவே செத்த டிஸ்க்

அவசரப்படாதீர்கள். புது ரகப் பெரிய டிஸ்க்குகள் சிலவற்றில் மின் இணைப்பின் மூன்றாவது ஊசிக்கு 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்கும். பழைய பவர் சப்ளைகள் அங்கே 3.3 வோல்ட் கொடுக்கும். மோலெக்ஸிலிருந்து (பழைய நான்கு ஊசி மின் இணைப்பு) சாட்டாவுக்கு (ஐடிஈக்குப் பின் வந்த இணைப்பு) மாற்றும் கேபிளில் அந்த 3.3 வோல்ட் வராது, டிஸ்க் ஓடும். அச்சில் வார்த்த மலிவு ரகம் மட்டும் வேண்டாம். அதற்குள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டித் தீப்பிடித்தது உண்டு.

திருகுத் துளை

பெரிய டிஸ்க்குகள் பலவற்றில் பக்கவாட்டில் நடுத் துளை இல்லை. வாங்குமுன் உங்கள் கணினியில் டிஸ்க்கைப் பொருத்தும் தட்டைப் பாருங்கள்.