முதலில் பெட்டியைப் பிரியுங்கள்: பிள்ளைகளுக்குக் கன உருவங்களின் வலை

ஒரு கன உருவத்தைப் பிரித்து விரித்தால் கிடைக்கும் தட்டை வடிவம்தான் வலை. அச்சிட்ட வலையைக் கொடுத்து வெட்டி ஒட்டச் சொன்னால் கனச்சதுரம் கிடைத்துவிடும். எந்த முகம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று மட்டும் பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. அதனால் பிரிப்பதிலிருந்து தொடங்குவதே நல்லது.

பற்பசை வந்த அட்டைப்பெட்டி ஒன்று போதும். பிரிக்கும் முன் எதிரெதிர் முகங்களுக்கு ஒரே நிறம் பூசச் சொல்லுங்கள். மூன்று ஜோடி, மூன்று நிறம். ஒட்டிய விளிம்பைப் பிரித்து மேசையில் விரியுங்கள். உள்ளே மடிந்திருக்கும் துண்டுகளையும் பசை தடவிய பட்டையையும் வெட்டி எறிந்துவிட வேண்டும், இல்லையென்றால் பிள்ளை அவற்றையும் முகங்களாக எண்ணிவிடும். மிஞ்சுவது ஆறு செவ்வகங்கள். ஒரே நிறம் ஒன்றையொன்று தொடாமல், வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றாக வருவதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். பின்னால் எல்லா வலைக்கும் இதுதான் முதல் சோதனை.

அடுத்து 5 செ.மீ. சதுரங்கள், செல்லோ டேப். எடுத்தவுடன் ஆறு வேண்டாம். ஐந்து சதுரங்களில் மூடியில்லாப் பெட்டி செய்யட்டும். ஐந்து சதுரங்களை விளிம்போடு விளிம்பு சேர்க்க 12 வழிகள் உண்டு, அவற்றில் 8 பெட்டியாகும். ஆறு சதுரங்களுக்கு 35 வழிகள். கனச்சதுரமாவது 11 மட்டுமே. ஒவ்வொரு முறையும் ஒரு சதுரத்தில் ‘அடி’ என்று எழுதி, ‘மூடி எது?’ என்று கேளுங்கள். விடை சொன்ன பிறகுதான் மடிக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் பயிற்சி வெறும் கைவேலையாகிவிடும்.

மடியாதவற்றைத் தூக்கிப்போட வேண்டாம், ஏன் மடியவில்லை என்று பேசுங்கள். ஐந்து சதுரம் ஒரே வரிசையில் இருந்தால் ஐந்தாவது முதலாவதன் மேல் ஏறிவிடும். நான்கு சதுரம் ஒரு புள்ளியைச் சுற்றி நின்றால் 360 பாகையும் நிரம்பிவிடும், மேலே எழும்ப இடமில்லை. கனச்சதுரத்தின் முனையில் மூன்று முகங்கள்தான் கூடும். நான்கு சதுரம் கொண்ட வரிசையின் ஒரே பக்கத்தில் மீதி இரண்டு சதுரமும் ஒட்டியிருந்தால் ஒரு புறம் இரட்டை மூடி, மறுபுறம் ஓட்டை.

இனி அட்டையில் கட்டலாம். 5 செ.மீ. கனச்சதுரத்தின் சிலுவை வலை 20 × 15 செ.மீ.; ஏ4 அளவு அட்டையில் அடங்கும். சார்ட் அட்டையோ பழைய கல்யாணப் பத்திரிகையோ சரியாக இருக்கும், நோட்டுத்தாள் துவண்டுவிடும். மடிப்புக் கோடுகளை மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கீறி, கீறல் வெளியே வரும்படி மடியுங்கள். கீறாமல் மடித்தால் மடிப்பு வளைந்து, கடைசி முகம் 2 மி.மீ. தள்ளிப் போய் நிற்கும்.

ஒட்டுப்பட்டை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கனச்சதுர வலையின் சுற்றளவில் 14 விளிம்புகள். அவை இரண்டிரண்டாகச் சேர்வதால் 7 பட்டைகள் போதும். ஒரு விளிம்பில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றாக 1 செ.மீ. பட்டை வரைந்தால் ஒவ்வொரு ஜோடிக்கும் சரியாக ஒன்று அமையும். எந்த வடிவ வலையாக இருந்தாலும் இது பொருந்தும். நேர்கோட்டில் அடுத்தடுத்து வரும் விளிம்புகளைத் தனித்தனியாக எண்ண மறக்கக் கூடாது. பட்டையின் முனைகளைச் சாய்வாக வெட்டுங்கள், மூலையில் முட்டாது. மூடியைக் கடைசியில் ஒட்டுங்கள்.

கனச்செவ்வகத்தில் வழக்கமாக வரும் பிழை, மூடியைத் திருப்பி வரைவது. 6 × 4 × 3 செ.மீ. பெட்டிக்கு, 6 செ.மீ. நீளச் செவ்வகங்களை 4, 3, 4, 3 அகலத்தில் அடுக்குங்கள். 4 × 3 மூடியின் 4 செ.மீ. பக்கம்தான் 4 செ.மீ. அகலத்தோடு சேர வேண்டும்.

சதுர பிரமிடுக்கு அடி 6 செ.மீ. என்றால், முக்கோணங்களின் உயரம் 3 செ.மீ.க்கு மேல் இருந்தே ஆக வேண்டும். சரியாக 3 என்றால் நான்கும் அடியின் மேல் தட்டையாகப் படுத்துவிடும். அதையும் ஒருமுறை வேண்டுமென்றே செய்துகாட்டலாம். 5 செ.மீ. வைத்தால் பிரமிடு 4 செ.மீ. உயரத்தில் நிற்கும். நான்கு முக்கோண முகங்களுள்ள நான்முகி எளிது: 12 செ.மீ. சமபக்க முக்கோணத்தில் பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைத்து மடித்தால் முடிந்தது.

உருளையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 3.5 செ.மீ. ஆரமுள்ள வட்டத்துக்குச் செவ்வகத்தின் நீளம் 22 செ.மீ., அதோடு 1 செ.மீ. பட்டை. பிள்ளைகள் விட்டத்தின் அளவான 7 செ.மீ.யையே நீளமாக எடுத்துவிடுவார்கள். வட்டத்தின் விளிம்பில் நூலைச் சுற்றி, நீட்டி அளக்கச் சொன்னால் சரியாகிவிடும்.