ஊட்டி பூங்காவில் எடுத்த படம் எந்த வருஷத்தது?

கல்யாணமான புதிதில் ஒரு தடவை, பிள்ளைகளோடு நாலு தடவை, பிறகு பேரனோடு. பெட்டியில் கிடக்கும் ஊட்டிப் படங்கள் எல்லாவற்றிலும் பின்னால் அதே புல்வெளி, அதே ஸ்வெட்டர் கூட்டம். 1848இல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் அமைக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்கா அது. எந்தப் படம் எந்தப் பயணத்தில் எடுத்தது என்று பிரிப்பதற்குள் மண்டை காய்ந்துவிடும்.

முதல் வேலை, பழைய ஒட்டும் ஆல்பத்திலிருந்து படங்களை மீட்பது. விரலாலோ பிளேடாலோ நெம்பினால் மூலை கிழியும். பல் இடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூலைப் படத்தின் பின்னால் நுழைத்து, ரம்பம்போல மெல்ல அசைத்து இறக்குங்கள். வராவிட்டால் விட்டுவிட்டு, பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தையும் பிரிக்கக் கூடாது. படத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும்.

ஸ்கேன் செய்யும்போது 4x6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற அளவு) போதும், 3 அங்குலச் சதுரப் படத்துக்கு 1200 வையுங்கள். மூலக் கோப்பைத் தரம் குறையாத டிஃப் (TIFF) வடிவில் வைத்துக்கொண்டு, சொந்தக்காரர்களுக்கு அளவில் சிறிய ஜேபெக் (JPEG) அனுப்பலாம். வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பாவிட்டால் படம் சுருங்கிவிடும். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள். ஸ்டுடியோ முத்திரை, பெரியம்மா கையெழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கும்.

அடுத்தது இடம். எல்லாப் பூவும் தாவரவியல் பூங்காப் பூ அல்ல. படிப்படியாக இறங்கும் ரோஜாப் பாத்திகள் தெரிந்தால் அது ரோஜாப் பூங்கா. 1995இல் உருவானது என்பதால் படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. குன்னூர் சிம்ஸ் பூங்காப் படங்களும் இதோடு கலந்து கிடக்கும். பாத்திகளையும் செடிகளையும் வைத்து இடம் பிடிக்காதீர்கள், அவை மாறிக்கொண்டே இருக்கும். கல்லான மரத்தண்டு, கண்ணாடி மாளிகை, படிக்கட்டு, பெரிய மரங்கள், பின்னால் ஏறும் சரிவு, இவற்றைப் பாருங்கள்.

வருஷத்துக்கு வருவோம். மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். பேட்டரி மாற்றினால் கேமராத் தேதி ஆரம்பத்துக்குப் போய்விடும். அதைத் திருத்தாமலே பலர் எடுத்தார்கள். அதைவிடக் குழந்தைகளின் பல் நல்ல சாட்சி. கீழ் முன்பற்கள் பெரும்பாலும் ஆறு, ஏழு வயதில் விழும். பிறந்த வருஷத்தோடு கூட்டினால் ஓராண்டுத் தவறுக்குள் வந்துவிடலாம்.

மே மாத மலர்க் கண்காட்சிப் படம் என்றால் வேலை இன்னும் சுலபம். பூக்களால் கட்டும் பெரிய உருவம் ஆண்டுதோறும் மாறும், நாளிதழ்களிலும் வரும். 2018இல் மேட்டூர் அணை, 2022இல் கோவை வேளாண் பல்கலைக்கழகக் கட்டடம். 2020, 2021இல் கொரோனாவால் கண்காட்சியே இல்லை.

சதுரப் படம் பெரும்பாலும் '120' என்ற அகலமான ஃபிலிம் ரோலில் எடுத்தது. ஒரு ரோலில் 12 படம். ஒரே சேலை, ஒரே சட்டையோடு இருப்பவற்றை ஒன்றுசேர்த்தால் ஒரு பயணம் முழுதாகக் கிடைக்கும். குறைகிற படங்கள் சித்தப்பா வீட்டு ஆல்பத்தில் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகே பெரியவர்களிடம் போங்கள். முதலிலேயே போனால் அவர்கள் சொல்லும் வருஷம் நம் மனதிலும் பதிந்து, எதிர்ச்சான்று கண்ணில் படாது. "இது எப்போ பாட்டி?" என்று கேட்டால் "ரொம்ப நாளாச்சு" என்பதோடு சரி. "யார் எடுத்தது? எங்கே தங்கினீங்க? ரயிலா, பஸ்ஸா? இந்த ஸ்வெட்டர் யாரோடது?" என்று கேளுங்கள். ஒரு உட்காருதலில் பத்துப் பதினைந்து படம் போதும், அதற்கு மேல் அசந்துவிடுவார்கள். பேச்சை போனில் பதிவு செய்யுங்கள், ஒவ்வொரு படத்துக்கும் முன் அதன் எண்ணைச் சொல்லிவிட்டு.

கிடைத்த விவரத்தைப் படத்தின் பின்னால், ஓரத்தில், மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தடம் பதிக்கும். பென்சில் பிடிக்காத வழவழப்பான தாள் என்றால் உறையில் எழுதி வையுங்கள். ஊகமான வருஷத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுங்கள்.