முதல் தையலுக்கு ஒரு ஏப்ரன்

புதிதாகத் தைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, சமைக்கும்போது உடைமேல் கட்டிக்கொள்ளும் ஏப்ரன்தான். ஜாக்கெட்டைப் போல அளவு பிசகாமல் உடலோடு ஒட்டி நிற்க வேண்டிய கட்டாயம் இதற்கு இல்லை.

கெட்டியான பருத்தித் துணி 90 செ.மீ. நீளம், 70 செ.மீ. அகலம் போதும். பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம். அடுப்பருகே அது உருகித் தோலில் ஒட்டும். துணியைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். பருத்தி சுருங்கும்.

நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். மேல் விளிம்பில், மடிப்பிலிருந்து 14 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி. திறந்த பக்கத்தில் மேலிருந்து 25 செ.மீ. இறங்கி இன்னொன்று. இரண்டையும் உள்வளைவாக இணைத்து வெட்டினால் கை வளைவு தயார்.

இந்த வளைவில்தான் பொறுமை வேண்டும். வெறுமனே மடித்தால் சுருக்கம் விழும். 4 செ.மீ. அகலத்தில் துணியின் குறுக்கே சாய்வாக வெட்டிய கிராஸ் பீஸ் நன்றாக வளைந்துகொடுக்கும். அதைத் துணியின் வெளியே தெரியும் நல்ல பக்கத்தில் வைத்துத் தைத்து, உள்ளே திருப்பி, ஓரத்தை மடித்து மறுபடி தையுங்கள். மற்ற ஓரங்களை ஒவ்வொரு சென்டிமீட்டராக இருமுறை மடித்து அடித்தால் போதும்.

கழுத்துக்கு 60 செ.மீ., இடுப்பின் இருபுறமும் தலா 80 செ.மீ. நாடா. இழுபடும் இடம் என்பதால், நாடா ஏப்ரனோடு சேரும் ஒவ்வொரு முனையிலும் சதுரமாகத் தைத்து நடுவே பெருக்கல் குறி போடுங்கள். பை வைத்தால் அதன் மேல் மூலைகளில் ரிவர்ஸ் தையல் (முன்னும் பின்னுமாகத் தைப்பது) அவசியம்.