செம்பின்மேல் ஒற்றைக் கோபால்ட் அணு: எஸ்டிஎம்மில் காந்தத் தடத்தை அளப்பது எப்படி

எஸ்டிஎம் (கூரிய ஊசிமுனையால் பரப்பை வருடி ஒற்றை அணுக்களைக் காட்டும் நுண்ணோக்கி) கொண்டு கோபால்ட் அணுவின் காந்தத்தை அளக்கப் போகிறவர் முதலில் அளக்க வேண்டியது வெறும் செம்பைத்தான். ஊசிமுனை கெட்டிருந்தால் அதன் குறையே அணுவின் குணம்போலத் தெரியும்.

சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுதும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. வெற்றிடக் கலத்தைத் திறக்க நேர்ந்தால் உலர் நைட்ரஜனை நிரப்பித் திறங்கள். மூடும்வரை அது மெல்ல ஓடட்டும். சுவரில் ஒட்டிய நீர் போக 120 முதல் 150 டிகிரியில் இரண்டு நாள் சூடேற்றுங்கள். அழுத்தம் 10⁻¹⁰ மில்லிபாருக்கு இறங்கும்வரை பொறுத்திருங்கள்.

செம்புப் படிகத்தின் (111) எனப்படும் முகத்தை 1 கிலோவோல்ட் ஆர்கான் அயனிகளால் 15 நிமிடம் அரித்து, 500 டிகிரியில் 10 நிமிடம் பதப்படுத்துங்கள். புதுப் படிகத்துக்குப் பல சுற்று வேண்டும். உள்ளிருக்கும் கந்தகமும் கார்பனும் சூட்டில் மேலேறும். பிறகு 4.2 கெல்வினுக்குக் குளிர்வித்து, நுண்ணோக்கியில் வைத்தபடியே கோபால்ட்டை ஆவியாக்கித் தூவுங்கள். ஆயிரம் செம்பணுவுக்கு ஒன்று போதும். தூவும்போது பரப்பு சூடேறினால் அணுக்கள் நகர்ந்து கூடிவிடும். நாள் செல்லச்செல்ல எஞ்சிய ஹைட்ரஜனும் அணுவில் ஒட்டி அதன் காந்தநிலையை மாற்றும். சந்தேகம் வந்தால் புதிதாகத் தூவுவதே நல்லது.

டங்ஸ்டன் முனையைச் செம்பில் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் குத்தியெடுத்து, மின்கடத்து நிறமாலையை (மின்னழுத்தத்தோடு கடத்துதிறன் மாறுவதைக் காட்டும் வளைகோட்டை) பதியுங்கள். −0.45 வோல்ட் அருகே கூர்மையான படி வேண்டும். பூஜ்யத்தைச் சுற்றி ±30 மில்லிவோல்ட்டில் கோடு தட்டையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி குத்துங்கள். பொறுமை வேண்டிய இடம் இதுதான், அரை நாள் போனாலும் தகும்.

அடுத்து அணுவின் நடுவில் 50 மில்லிவோல்ட், 1 நானோஆம்பியரில் நிறுத்தி, முனையின் உயரத்தைச் சரிசெய்யும் பின்னூட்டத்தை அணையுங்கள். லாக்-இன் (மின்னழுத்தத்தில் சிறு அதிர்வைச் சேர்த்துச் சமிக்ஞையைப் பிரித்தெடுக்கும் கருவி) அதிர்வெண் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு மடங்காக இருக்கக்கூடாது. கோபால்ட்டின் காந்தத் தடம் வளைகோட்டில் பூஜ்யத்தருகே தோன்றும் ஒரு பள்ளம்; அது சுமார் 9 மில்லிவோல்ட் அகலம்தான். பண்பேற்றம் (சேர்க்கும் அதிர்வின் அளவு) 1 மில்லிவோல்ட் என்றால் பள்ளம் சிதையாமல் தெரியும். 5 மில்லிவோல்ட் அதைக் கரைத்துவிடும். முனையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் 1 நானோமீட்டருக்குள் பள்ளம் மறைய வேண்டும். செம்பின்மேலும் தொடர்ந்தால் முனையில் கோபால்ட் ஒட்டியிருக்கிறது.

உலோகத்தின்மேல் காந்த அணுக்கள் காட்டும் இத்தகைய பள்ளம் 1998 முதல் கோண்டோ விளைவாகவே படிக்கப்பட்டது: உலோகத்தின் எலக்ட்ரான்கள் அணுவின் சுழற்சியை (அதன் காந்தத்துக்குக் காரணமான ஸ்பின்னை) மறைக்கின்றன என்று. 2023இல் வூர்ட்ஸ்பர்க், யூலிஷ் ஆய்வாளர்கள் ஸ்பினாரான் (அணுவின் சுழற்சித் தூண்டலும் செம்பின் எலக்ட்ரான்களும் பிணைந்த நிலை) என்ற வேறு விளக்கத்துக்குச் சான்று காட்டினார்கள். ஆகவே ஒரே வளைகோட்டில் பள்ளத்தின் வடிவை விவரிக்கும் ஃபானோ சமன்பாட்டைப் பொருத்தி, கோண்டோ விளைவின் வலிமையைக் குறிக்கும் கோண்டோ வெப்பநிலையை அறிவிக்காதீர்கள். வெப்பநிலையை மாற்றியும், வலுவான காந்தப்புலத்தில் சுழற்சி-முனைவுற்ற (எலக்ட்ரான் சுழற்சியின் திசையைப் பிரித்தறியும் காந்த) ஊசியாலும் அதே அணுவை அளந்த பிறகே பெயர் வையுங்கள்.