நேரில் பார்த்த பிறகும் செல்லுபடியாகும் வீட்டு விளம்பரம்: புதிய தரகர்களுக்கு ஒரு செய்முறை

விற்பனைக்கு வரும் வீட்டுக்கு விளம்பரம் எழுத நான் பின்பற்றும் முறை இது. இதற்கு மாறியதும் அழைப்புகள் குறைந்தன. ஆனால் வீடு பார்க்க வருபவர்கள் "படத்தில் வேறு மாதிரி இருந்ததே" என்று சொல்வது அறவே நின்றது. வாங்குபவர் தம் வாழ்நாள் சேமிப்போடும் பெருங்கடனோடும் வருகிறார். அவர் முதலில் நம்புவது நாம் எழுதும் நான்கு வரிகளைத்தான். அந்த வரிகள் விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லை.

விளம்பரத் தளத்தில் கணக்குத் தொடங்குவது, படம் ஏற்றுவது போன்றவற்றை இங்கே விளக்கவில்லை.

படி 1: அனுமதியும் பதிவு எண்ணும்

உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். விலை, என்னென்ன படங்கள், எந்தத் தேதி வரை என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். உங்கள் நாட்டில் முகவர் பதிவு கட்டாயம் என்றால் பெயருக்கு அருகிலேயே பதிவு எண்ணைப் போடுங்கள். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவு செய்ய வேண்டிய திட்டத்தைப் பதிவுக்கு முன் விளம்பரப்படுத்தவே கூடாது. பதிவான பிறகு வரும் விளம்பரத்தில் பதிவு எண்ணும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதள முகவரியும் தெளிவாகத் தெரிய வேண்டும். மூலையில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போடுவதை நான் போட்டதாகவே கருத மாட்டேன்.

படி 2: சான்று அட்டவணை

அட்டவணைக்கு மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்) போதும்: விளம்பரத்தில் வரப்போகும் வாக்கியம், அதற்கான சான்று, அதைச் சரிபார்த்த தேதி. விளம்பரம் தயாரிக்கும் செயலிகளைவிடச் சாதாரண விரிதாளே (ஸ்ப்ரெட்ஷீட்) இதற்குச் சிறந்தது. செயலி அழகைப் பார்க்கச் சொல்லும், விரிதாளின் காலிக் கட்டம் சான்றைக் கேட்கும். சான்றுப் பத்தி காலியாக இருந்தால் அந்த வாக்கியத்தை நீக்கிவிடுங்கள்.

"தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை" என்று உரிமையாளர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது அவருடைய கருத்து. "ஆழ்துளைக் கிணறும் பொதுக் குழாய் இணைப்பும் உண்டு" என்பதை நீங்களே போய்ப் பார்க்கலாம். இரண்டாவதை எழுதுங்கள். "வில்லங்கம் இல்லை" என்று பொதுவாக எழுதுவதைவிட, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வில்லங்கச் சான்று பார்த்தீர்கள் என்று எழுதுவது நேர்மையானது.

படி 3: படங்கள்

எனக்கு மிகவும் சிக்கலாக இருந்த படி இதுதான். பொய் சொல்லும் எண்ணமே இல்லாதவர் எடுத்த படமும் பொய் சொல்லும். காரணம், கைப்பேசியில் 0.5 என்று காட்டும் அகலக்கோண லென்ஸ். பெரும்பாலான கைப்பேசிகளில் அதன் குவியத்தொலைவு (இது குறையக் குறையக் காட்சி அகலமாகும்) முழுச்சட்டக் கேமராக் கணக்கில் சுமார் 13 மி.மீ. வழக்கமான லென்ஸுக்கு அது 24 முதல் 26 மி.மீ. வரை இருக்கும். அகலக்கோணத்தில் அருகிலுள்ள பொருள் பெரிதாகவும் எதிர்ச்சுவர் வெகுதூரத்திலும் தெரியும். ஓரத்தில் இருக்கும் கட்டில் இழுத்து நீட்டியதுபோல் ஆகிவிடும். சிறிய படுக்கையறை கூடம் போலத் தோன்றுவது இப்படித்தான்.

நான் செய்வது இது. வழக்கமான லென்ஸை மட்டும் பயன்படுத்துகிறேன். அறையின் வாசலில் நின்று, கேமராவை நெஞ்சு உயரத்தில் சாய்க்காமல் பிடித்து, சுவர்களின் செங்குத்துக் கோடுகள் நேராக நிற்கும்படி எடுக்கிறேன். முழு அறையும் ஒரே படத்தில் வராவிட்டால் எதிர்மூலையிலிருந்து இன்னொன்று எடுத்துக்கொள்கிறேன். கதவு, நாற்காலி, ஒற்றைக் கட்டில் என எல்லோருக்கும் அளவு தெரிந்த ஒரு பொருளைப் படத்தில் விட்டுவைக்கிறேன். கழிப்பறைக்கோ சமையலறைக்கோ அகலக்கோணம் தவிர வேறு வழியே இல்லையென்றால், அறையின் நீள அகலத்தைப் படத்தின் மேலேயே எழுதிவிடுகிறேன்.

திருத்தத்தில் எது சரி, எது தவறு? வெளிச்சத்தைச் சமன் செய்வது, நிறத்தைக் கண்ணுக்குத் தெரிந்தபடி கொண்டுவருவது, சாய்வை நேராக்குவது ஆகியவை சரி. சுவரின் ஈரக்கறையை அழிப்பது, எதிரே போகும் மின்கம்பியை மறைப்பது, காய்ந்த தரையில் புல் வரைவது ஆகியவை தவறு. சுருக்கமான சோதனை ஒன்று உண்டு: குப்பைத்தொட்டியைப் போல, வீட்டைக் காட்டும் நாளில் நீங்களே நகர்த்திவைக்கக்கூடிய பொருளைப் படத்திலிருந்து நீக்கலாம். வாங்கிய பிறகும் அங்கேயே இருக்கப்போகும் எதையும் தொடக் கூடாது.

காலி அறையில் கணினி மூலம் மரச்சாமான்களைச் சேர்ப்பவர்கள், "மரச்சாமான்கள் கணினியில் சேர்க்கப்பட்டவை" என்று அந்தப் படத்தின் மீதே எழுதி, பக்கத்தில் காலி அறையின் படத்தையும் வையுங்கள். விளக்கக் குறிப்பில் மட்டும் எழுதினால் யாராவது படத்தை மட்டும் பகிரும்போது உண்மை கழன்று விழுந்துவிடும்.

படி 4: பரப்பளவு

"1,200 சதுர அடி" என்று மட்டும் எழுதினால் எதுவும் சொன்னதாகாது. எந்தப் பரப்பு? சுவர்களைச் சேர்த்தா, மாடிப்படி, மின்தூக்கி, நடைபாதைப் பங்கைச் சேர்த்தா? இந்தியச் சட்டம் கார்பெட் ஏரியாவைத் தெளிவாக வரையறுக்கிறது: வெளிச்சுவர்கள், பால்கனி, திறந்த மொட்டை மாடி சேராது, வீட்டுக்குள் அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் சேரும். எந்த நாட்டிலும் உள்ளே புழங்கக்கூடிய பரப்பை முதலில் போட்டு, மற்றதைப் பெயரோடு அடுத்த வரியில் போடுங்கள்.

லேசர் அளவுக்கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியால் அளக்கும் செயலிகளை நான் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதில்லை. ஒரே சுவரை இரண்டு முறை அளந்தால் அவை இரண்டு விடை தருகின்றன. சதுர மீட்டரில் எழுதும்போது 1 சதுர மீட்டர் என்பது 10.764 சதுர அடி. 10 என்று முழுமையாக்கிக் கணக்கிடாதீர்கள்.

படி 5: தூரமும் எதிர்காலமும்

"ரயில் நிலையம் 5 நிமிடம்" என்பதில் நடந்தா, காரிலா என்று சொல்லுங்கள். ஜப்பானில் இதற்கு விதியே உண்டு: சாலை வழியாக 80 மீட்டருக்கு 1 நிமிடம், மீதி இருந்தால் மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். அங்கே 5 நிமிடம் என்றால் 400 மீட்டருக்கு மேல் இருக்காது. நான் இந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டேன். வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளக்காமல் நடைபாதையை அளக்கிறேன்.

புதிய சாலை, ரயில் பாதை பற்றி எழுதினால் அறிவிப்பு நிலையா, கட்டுமானம் நடக்கிறதா என்பதைத் தேதியோடு எழுதுங்கள். விலை இரட்டிப்பாகும் என்று ஒருபோதும் எழுதாதீர்கள். அதற்குச் சான்றுப் பத்தியில் எழுத எதுவும் கிடைக்காது.

படி 6: வீட்டைப் பற்றி மட்டும் எழுதுங்கள்

இன்னாருக்கு மட்டும், இன்னார் வேண்டாம் என்று எழுதச் சொல்லும் உரிமையாளர்கள் உண்டு. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் இன, மத விருப்பத்தை விளம்பரத்தில் தெரிவிப்பதையே தடை செய்கிறது. பாலினம், உடல் ஊனம், குழந்தைகளுள்ள குடும்பம் ஆகியவை பின்னர் சேர்க்கப்பட்டன. சட்டம் இல்லாத இடத்திலும் நான் எழுத மாட்டேன், அந்த வாய்ப்பு கைநழுவினாலும் சரி. ஒரு மனிதரை அவர் பிறப்புக்காக வாசலில் நிறுத்தும் வரிக்கு என் பெயரும் எண்ணும் கீழே நிற்கக் கூடாது. அறை, படிக்கட்டு, வாகன நிறுத்தம் என்று வீட்டை விவரியுங்கள். யாருக்கு ஏற்றது என்பதை வருபவர் முடிவு செய்துகொள்வார்.

படி 7: இறக்குவது

முன்பணம் வாங்கிய அன்றே விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். விற்ற வீட்டைத் தளத்தில் விட்டுவைத்து, அழைப்பவரிடம் "அது போய்விட்டது, இன்னொன்று இருக்கிறது" என்பது தூண்டில் போடும் வேலை. எங்கெல்லாம் ஏற்றினீர்கள் என்பதை அதே விரிதாளில் குறித்துவைத்தால் ஒன்றும் விடுபடாது.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு விளம்பரம் எழுதலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். எழுதலாம், ஆனால் நீங்கள் தராத தகவலை அது தானாகச் சேர்க்கும். "காற்றோட்டமான", "அமைதியான சூழல்" எல்லாம் வந்து உட்காரும். வந்த உரையை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து மறுபடி படி 2இல் போடுங்கள்.

இன்னொரு வாசகரின் சிக்கல்: வேறு தரகர் இவருடைய படங்களை எடுத்து, பரப்பளவைக் கூட்டி மறுபடி விளம்பரம் செய்கிறார். படத்தின் நடுப்பகுதியில் பரப்பளவையும் தேதியையும் மெல்லிய எழுத்தில் பதியுங்கள். ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள். தளத்துக்குப் புகார் அனுப்பும்போது உரிமையாளரின் ஒப்புதல் கடிதத்தையும் இணையுங்கள். அதை வாங்காமல் விட்டவர்கள் இன்றே போய் வாங்குங்கள்.